இலவச எறிதல்

ஓர் உயிரின் விலை என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். இந்த வீட்டில் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் போனது. முழு மதியம்கூட இல்லை, கூடைப்பந்து ஆட்டத்தில் மிச்சமிருந்த கடைசி நிமிடத்துக்கு. வாங்கியவருக்கு அன்று நல்ல லாபம் என்றுதான் தோன்றியது. மலிவாகக் கிடைத்த சரக்கின் லட்சணம், அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்க்கும்போதுதானே தெரியும்.

வாங்கியவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கம்பெனியில் மொத்தமே இரண்டு ஆட்கள் என்பதால், மூத்தவரான அவருக்கு 'முதலாளி' என்று பெயர். மற்றவன் அவர் மனைவியின் தம்பி. எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான் என்பதால் நெட்டை.

லிஃப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடியிலுள்ள குழிக்குள் இறங்கினால், இன்னொருவர் மொட்டை மாடி மோட்டார் அறையில், அணைத்து வைத்த மெயின் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கீழே இருப்பவன் உயிர் மேலே இருப்பவன் கையில். வாரம் முழுக்க இந்த விதியைக் கும்பிட்ட இருவரும், சனி ஞாயிறு வந்தால் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். விடுமுறை நாள் அவசரத்துக்கு ஒருவர் போனால் போதும் என்று வீட்டுக்குள்ளேயே ஓர் ஒப்பந்தம்.

யார் போவது? அதைக் கூடைப்பந்து முடிவு செய்யும்.

நெட்டை பள்ளி நாட்களில் ஆடியவன். தொழில்முறை அணிகளின் கோப்பைச் சுற்று தொடங்கிவிட்டால், சோஃபாவின் இடது ஓரத்தில் புதைந்து, நீளக் கால்களை முக்காலியில் போட்டுக்கொள்வான். முதலாளிக்கு வலது ஓரம். டூட்டி போன் அடித்தால், அடுத்து வரும் இலவச எறிதலின் மேல் பந்தயம். எதிராளி தள்ளிவிட்டால், தள்ளப்பட்டவன் கோட்டருகே நின்று யாரும் தடுக்காமல் பந்தைக் கூடைக்கு எறியலாம். அதற்குத்தான் அந்தப் பெயர். 'உள்ளே' என்று ஒருவர், 'வெளியே' என்று மற்றவர். தோற்றவர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஆட்டத்தில்தான் இலவசம். வீட்டில் ஒவ்வொரு எறிதலுக்கும் விலை இருந்தது.

போன வருடக் கோப்பைச் சுற்றில், ஒரு ஞாயிறு மதியம், நெட்டை தோற்றான்.

"மாமா, மிச்ச ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைங்க. வந்து பாக்கறேன்," என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

வரவில்லை. பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் அவன் குழிக்குள் இருந்தபோது, லிஃப்ட் ஏன் ஓடவில்லை என்று மேலே ஏறிப் பார்த்த காவலாளி, பாவம், நல்ல மனிதர், அணைந்திருந்த சுவிட்சைப் போட்டுவிட்டார்.

"விளையாட்டுல தோத்தான், போனான். இதுல யாரைக் குத்தம் சொல்ல?" என்று அழுது ஓய்ந்த பிறகு மனைவி சொன்னாள். அவளுக்குத் தன் மேல்தான் கோபம். அன்று டிவி மேல் ஈரத் துண்டைத் தொங்கவிட்ட கணவரோடு சண்டை பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கிளம்பிய தம்பியிடம் முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு துண்டுக்காக! அதை நினைத்து நினைத்தே இளைத்தாள். முதலாளி அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, "விடும்மா, விதி" என்பார். அந்தச் சொல் அவருக்கு வசதியாக இருந்தது. விதியைக் கூப்பிட்டு யாரும் விசாரிப்பதில்லையே.

இந்த வருடம் முதலாளி முன்யோசனையோடு இருந்தார். கோப்பைச் சுற்றின் முதல் சனி ஞாயிறு அழைப்புகளைப் பக்கத்துத் தெரு லிஃப்ட்காரரிடம் தள்ளிவிட்டார். அந்த மனிதருக்குத் தலை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும், அதனால் தராசு. சனிக்கிழமை மதியம் வறுகடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்த முதலாளி, கண்ணாடியில் வெயில் அடிக்காதபடி திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, வலது ஓரத்தில் உட்கார்ந்தார். மனைவி மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இதையெல்லாம் பாக்க மனசு வருதா உங்களுக்கு?"

"அவனுக்குப் பிடிச்ச ஆட்டம்மா. அவன் நினைப்பாத்தான் பாக்கறேன்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

வீடு அமைதியானது. அடுத்த வீட்டுச் சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம்கூட நின்றுவிட்டது. சோஃபாவின் இடது ஓரத்தில் ஸ்பிரிங் அமுங்கிப்போன பழைய பள்ளம். சரி செய்யலாம் என்று மனைவி சொன்னபோது, வீண் செலவு என்று முதலாளி மறுத்திருந்தார்.

பச்சைச் சட்டைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் ஆட்டம். இரண்டாம் கால் பகுதியில் பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் எறிதல் கோட்டில் வந்து நின்றான். அரங்கம் மூச்சை அடக்கியது. அந்த நிசப்தத்தில் முதலாளியின் மூக்கில் ஒரு வாடை ஏறியது. வறுகடலை வாடை இல்லை. பழைய கிரீஸும் சூடேறிய இரும்பும் கலந்த, குழியின் அடியில் மட்டுமே வீசும் வாடை.

முக்காலி தரையில் மெல்ல இழுபட்டது.

"உள்ளே."

காதோடு சொன்னது போல இருந்தது. பந்து வலையில் விழுந்தது. அடுத்த எறிதலுக்கு அவன் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் கேட்டது.

"வெளியே."

பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது.

முதலாளி இடது பக்கம் திரும்பவில்லை. கழுத்து மறுத்தது. முதலில் அவர் கை போனது ரிமோட்டுக்கு. நேரலையா, அல்லது ஆட்டம் பின்தங்கி ஓடுகிறதா? பின்தங்கி ஓடினால் முடிவை முன்கூட்டிச் சொல்வது பெரிய வித்தை இல்லை. அது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

ஏனென்றால் போன வருடம் அவர் செய்தது அதைத்தான். இடைவேளையில் நெட்டை சாப்பிட்டுக் கண்ணயர்ந்தான். அவன் எழுந்து பார்க்கட்டுமே என்று ஆட்டத்தை நிறுத்தி வைத்தார். அதுவரை பிரியம்தான், அதில் கலப்படம் இல்லை. அவன் எழுந்ததும் ஓடவிட்டு, "இப்பத்தான் மாப்ள மறுபாதி ஆரம்பிக்குது" என்றார். தூங்கினவனைத் தூங்கினான் என்று சொல்லிக் கேலி செய்ய வேண்டாமே என்ற நினைப்பில் சொன்ன பொய் அது. ஆனால் நிஜ ஆட்டம் முடிந்து, ஒவ்வொரு எறிதலின் கதியும் அவர் கைப்பேசிக்கு வந்துவிட்டது. அதே நேரம் டூட்டி போன் அடித்தது. வெளியே கொளுத்தும் வெயில். தெரிந்த விடைக்குப் பந்தயம் கட்டினார் முதலாளி.

இப்போது கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். ஆட்டம் நேரலைதான். திரைக்கும் உலகத்துக்கும் நடுவே ஒரு நொடி இடைவெளிகூட இல்லை. இடது ஓரத்திலிருந்து வந்த குரல் உலகத்துக்கே முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் வாசலைப் பார்த்து ஓடியிருப்பார்கள். முதலாளியும் எழுந்தார். இரண்டு அடி வைத்தார். பிறகு நின்றார்.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். வலிய வரும் லாபத்தை யாராவது விடுவார்களா?

தராசுக்குப் போன் போட்டார்.

"என்ன முதலாளி? டூட்டியை என் தலைல கட்டிட்டு, வீட்ல பொழுது போகலையா?"

"ஒரு சின்னப் பந்தயம்ணே. இப்ப எறியப் போறானே வெள்ளைச் சட்டை, ரெண்டுமே வெளியதான் போகும். போச்சுன்னா அடுத்த வாரமும் டூட்டி உங்களுது."

"யோவ், அவன் கண்ணைக் கட்டிவிட்டாலே உள்ள போடுவான். கிறுக்கா உனக்கு?"

"கிறுக்கன்கிட்ட ஜெயிக்கறது சுலபம்தானே?"

இரண்டும் வெளியே போயின. தராசு கடவுள்களைத் திட்டினார். ஆட்டம் முடிவதற்குள் முதலாளி நான்கு வார டூட்டியைத் தலைமுழுகியிருந்தார். கடைசி விசில் ஊதியபோது வாடை கலைந்தது. தைரியம் வந்து இடது ஓரத்தைப் பார்த்தார். யாரும் இல்லை. பள்ளம் மட்டும், யாரோ எழுந்து போனது போல, மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.

"கோபம் ஒண்ணும் இல்ல இல்ல மாப்ள?" என்று காலி இடத்தைப் பார்த்துக் கேட்டார். செத்தும் கொடுக்கும் உறவு யாருக்கு வாய்க்கும்! அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

சந்தையில் பிறந்து வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்தது முதலாளிக்கு மறந்துபோனது: முதல் நாள் சும்மா கொடுக்கிறவன், மறுநாள் உன் கடையை எழுதி வாங்கத்தான் வருகிறான்.

ஞாயிறு மதியம் மறுபடியும் திரைச்சீலைகள் மூடின. அன்று மனைவிக்கு விடுமுறை. உள்ளறையில் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முக்காலியை முதலாளியே இடது ஓரத்தில் எடுத்துப் போட்டார். விருந்தாளிக்கு மரியாதை.

ஆட்டம் முடியும் தறுவாயில் வாடை வந்தது. நேற்றைவிட அடர்த்தியாக. வறுகடலை வாயில் இரும்பாகக் கரித்தது. ஒரு புள்ளியில் பச்சை பின்தங்கியிருக்க, பச்சைச் சட்டைக்காரன் எறிதல் கோட்டுக்கு நடந்தான்.

போன் அடித்தது. தராசு.

"முதலாளி, ஒரு லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சாம். உள்ள யாரும் மாட்டிக்கல. ஆனா எந்தக் கட்டடம்னு சொன்னா உனக்குப் பிடிக்காது."

முதலாளிக்குப் புரிந்தது. "அந்தப் பத்து மாடியா?"

"அதேதான். அடியில இருக்கற சக்கரத்துலேர்ந்து ரோப் நழுவிடுச்சு போல. குழிக்குள்ள இறங்கணும். எனக்கு அங்க இறங்க மனசே இல்லய்யா. கேளு, நேத்து ஜெயிச்சது எல்லாத்தையும் வை. இப்ப எறியறது உள்ள போச்சுன்னா ஒரு வருஷம் பூரா உன் டூட்டி என்னுது. போகலைன்னா, நீ இப்பவே கிளம்பு."

ஒரு வருடம். ஐம்பத்திரண்டு வார சனி ஞாயிறு. முதலாளியின் நாக்கு உதட்டைத் தடவியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"உள்ளே மாமா."

"உள்ளதான்!" என்று போனில் கத்தினார். "சொன்ன சொல் சொன்னதுதான்ணே!"

நேற்றெல்லாம் ஒற்றைச் சொல். இன்றைக்கு 'மாமா' சேர்ந்திருந்தது. கடைக்காரன் திடீரென்று உறவுமுறை சொல்லி அழைத்தால் விலை ஏறப் போகிறது என்று அர்த்தம்.

பந்து வளையத்தின் விளிம்பில் ஏறியது. சுற்றியது. இன்னொரு சுற்று.

வெளியே விழுந்தது.

படம் உறைந்தது. ரிமோட் முதலாளியின் மடியில்தான் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. திரை ஒருமுறை இருண்டு, வேறோர் அரங்கம் தெரிந்தது. வேறு சட்டைகள். எறிவதற்காகப் பந்தைத் தலைக்கு மேல் தூக்கியபடி உறைந்து நிற்கும் ஒருவன்.

போன வருடத்து ஆட்டம். தன் கையாலேயே அவர் அழித்த ஆட்டம்.

"என்னங்க சத்தம்?" மடித்துக்கொண்டிருந்த துண்டோடு மனைவி வந்து நின்றாள். "யார் போகணும்னு பந்தயமா? இன்னுமா?"

அவர் போனை நழுவவிட்டு, மடியிலிருந்த ரிமோட்டை அழுத்தினார். படம் அசையவில்லை. அவள் திரையைப் பார்த்தாள். அவள் கண் மெதுவாக அதன் வலது மேல் மூலைக்குப் போனது. அங்கே சின்ன வெள்ளை எழுத்துகள் இருந்தன: நேரலைக்கு இருபது நிமிடம் பின்னால்.

அவள் அதைப் படித்தாள். பிறகு தன் கையில் இருந்த துண்டைப் பார்த்தாள்.

"அன்னிக்கு ஈரத் துண்டு," என்றாள். "இந்த மூலைலதான் தொங்கிச்சு."

"அது ஏதோ அவசரத்துல..."

"எதை மறைச்சீங்க?"

அவர் ரிமோட்டை மறுபடியும் அழுத்தினார்.

இடது ஓரத்தில் ஸ்பிரிங் முனகியது.

"அக்கா."

அவள் அலறவில்லை. கதவுக்கு வெளியே நின்று கூப்பிடும் தம்பிக்குத் திறக்கப் போவது போல இயல்பாக நடந்து, சோஃபாவின் இடது பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். எடுத்தபோது கை முழுக்கக் கறுப்புக் கிரீஸ்.

தரையில் விழுந்திருந்த போனில் தராசின் குரல் கரகரத்தது. "முதலாளி, லைன்ல இருக்கியா? பேச்சு பேச்சுதானே?"

அவள் குனிந்து எடுத்தாள். "பேச்சு பேச்சுதாண்ணே. கிளம்பிட்டார். நானும் கூட வர்றேன்."

"நீ எதுக்கும்மா?"

"லிஃப்ட் வேலைக்கு ரெண்டு பேர் போகணும்ல?" போனை வைத்துவிட்டு, மூலையில் இருந்த கருவிப் பையை எடுத்து அவர் காலடியில் வைத்தாள். "எழுந்திருங்க. நான் மேலே சுவிட்சைப் பிடிச்சுக்கறேன்."

"உனக்கு அந்த வேலை தெரியாதேம்மா..."

"பிடிக்கறதுக்கு என்ன தெரியணும்? விடாம இருந்தா போதும். என் தம்பிக்கு அதைச் செய்யத்தான் ஆள் இல்லாமப் போச்சு."

நாளைக்குப் போகலாம் என்றார். தராசிடம் இரண்டு வருட டூட்டியைக் கொடுத்துவிடலாம் என்றார். கம்பெனியை அவள் பெயருக்கு மாற்றுவதாகச் சொன்னார். தம்பி படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டுவதாகச் சொன்னார். அவள் எதற்கும் பதில் சொல்லாமல் வாசலில் நின்று செருப்பை மாட்டினாள். பேரத்தில் கத்துகிறவரிடம் பயம் வேண்டாம். பதில் விலையே சொல்லாதவரிடம்தான் பயப்பட வேண்டும். அவர் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பின்னால் முக்காலி இழுபட்டது, முன்னால் அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

பத்து மாடிக் கட்டடத்தின் குழி, வெளியே வெயில் எவ்வளவு இருந்தாலும், நனைந்த சாக்கு போலக் குளிர்ந்திருந்தது. முதலாளி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினார். தலைக்கு மேலே, இருட்டில், நின்றுபோன லிஃப்டின் அடிவயிறு. நழுவிய ரோப் எங்கோ சுவரில் மோதிக்கொண்டிருந்தது.

டப்.

டப்.

எறிவதற்கு முன் பந்தைத் தரையில் தட்டும் சத்தம் போல.

டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் போனைக் காதில் இடுக்கினார். "சுவிட்ச் அணைஞ்சிருக்கா?"

"அணைஞ்சிருக்கு."

"கை வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன்."

"எடுத்துடாதேம்மா. நான் உன் புருஷன்."

போனில் அவள் குரல், மிக மெல்ல.

"ஏங்க. இங்க யாரோ என் பக்கத்துல நிக்கறாங்க."

"காவலாளியா? அந்தாளை வெளிய போகச் சொல்லு!"

"இல்ல. ரொம்ப உயரம். தலையைக் குனிஞ்சுக்கிட்டு..."

ரோப் சத்தம் நின்றது.

முதலாளியின் இடது காதில், போன் இல்லாத காதில், சூடான இரும்பு வாடையோடு ஒரு மூச்சு.

"உள்ளே."

விசாரணையில் அவள் ஒன்றையே சொன்னாள்: "நான் கையை எடுக்கவே இல்லை." அது உண்மை. மோட்டார் அறைக் கதவை உடைத்துக்கொண்டு போனவர்கள் பார்த்தபோது, அவள் கை சுவிட்சின் மேல்தான் இருந்தது. சுவிட்ச்தான் போடப்பட்டிருந்தது. அதிகாரி அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். புறங்கையில் கிரீஸ் அப்பிய ஐந்து விரல் தடங்கள். அவள் விரல்களைவிட ஒன்றரை மடங்கு நீளம். அறையில் வேறு யாரும் இல்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவர் எழுதத் தொடங்கிய வரியை அடித்துவிட்டு, 'இயந்திரக் கோளாறு' என்று முடித்தார்.

சோப்பு போட்டாள். மண்ணெண்ணெய் போட்டாள். தடம் போகவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் அவள் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, சோஃபாவின் நடுவில் உட்கார்ந்தாள். இடது ஓரம் அமுங்கியது. முக்காலி தானாக நகர்ந்து இடம் பிடித்தது. கொஞ்சம் பொறுத்து, வலது ஓரமும் அமுங்கியது, விருப்பமில்லாதவரை யாரோ தோளைப் பிடித்து உட்கார வைத்தது போல.

உறைந்திருந்த படம் ஓடத் தொடங்கியது. போன வருடத்தின் மிச்சம்.

"சொல்லுங்க மாமா," என்றது இடது ஓரம். "உள்ளேயா, வெளியேயா?"

வலது ஓரத்தில் ஸ்பிரிங் நடுங்கியது.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், புறங்கையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டாள். போன வருடம் ஒரு ஞாயிறு, ஓர் உயிர். இந்த வருடம் ஒரு ஞாயிறு, ஓர் உயிர். ஒன்றுக்கு ஒன்று கழித்தால் கணக்கு நேர்.

இருப்பு: ஐந்து விரல்கள்.